பாறையடியில் தங்கிய போர்ச் சொற்கள்

திண்டுக்கல் சமவெளியில் பகையையும் போரையும் குறிக்க வழங்கும் சொற்கள் ஒரே மொழியிலிருந்தோ ஒரே காலத்திலோ வந்தவையல்ல. மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு இறங்கிய படைகளுக்கு இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இந்தத் திறந்த நிலமே வசதியான வழி. அந்த வழியைப் பார்த்தபடி தனியே எழுந்து நிற்கிறது ஊருக்குப் பெயர் தந்த பாறை. சாய்ந்துகொள்ளும் திண்டு போல இருப்பதால் திண்டுக்கல் என்பது ஊரார் சொல்லும் விளக்கம். மதுரையைப் பிடிக்க வந்தவர்களுக்கும் காக்க நின்றவர்களுக்கும் இந்தப் பாறை வேண்டியிருந்தது. அவர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஆங்கிலம் எனப் பல மொழி பேசினார்கள். எந்தப் படை எப்போது வந்தது என்பதைப் பேச்சுவழக்கை வைத்தே ஓரளவு அடுக்கிச் சொல்லிவிடலாம்.

அடுக்கின் அடியில் இருப்பது மாடு பிடிக்கும் சண்டை. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு வைகைப் படுகையில், இன்றைய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தது. திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் அதே வகைக் கல் ஒன்று கிடைத்தது. புலிமான்கோம்பைக் கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. அந்தப் பூசலைக் குறிக்கக் கல்லில் உள்ள சொல் ‘ஆகோள்’. ஆ என்றால் பசு, கோள் என்றால் கொள்ளுதல். பகைவர் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவது. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளுக்குள் வைத்திருக்கும் சொல்லும் இதேதான். இலக்கணத்தில் மட்டும் வாழ்ந்த சொல் என்று எண்ணியிருந்ததை, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஒரு மாட்டுக்காரச் சமூகம் இறந்தவன் பெயரோடு சேர்த்துக் கல்லில் வெட்டியிருக்கிறது. இலக்கணம் சொல்லை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தொல்காப்பியமும் பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையும் போரின் படிகளுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டின. மாடு கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, மதிலைக் காத்தல் நொச்சி, இரு படையும் நேருக்கு நேர் பொருதல் தும்பை, வெற்றி வாகை. இவை அரண்மனைப் பூக்கள் அல்ல. தும்பை திண்டுக்கல் வட்டாரத்துத் தரிசுகளில் மழை பெய்ததும் தானாக முளைக்கும் செடி. கோட்டை காத்தவர்களின் அடையாளமான நொச்சியின் இலையைத்தான் சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கிறார்கள். கோட்டையை முற்றுகையிட்டவர்கள் சூடிய உழிஞையை முடக்கத்தான் கொடி என்று பலர் அடையாளம் காண்கிறார்கள். அது சரியென்றால் அன்றைய மறவன் தலையில் இருந்தது இன்று தோசை மாவில் இருக்கிறது.

பகைவனைக் குறிக்கும் பழஞ்சொற்கள் தனியே நின்று பார்க்கத் தக்கவை. ஒன்னார், நண்ணார், துன்னார், கூடார், சேரார், மேவார், ஒட்டார் என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. எல்லாமே எதிர்மறை வினையிலிருந்து பிறந்தவை: ஒன்றாதவர், நெருங்காதவர், கூடாதவர், பொருந்தாதவர். கொடியவன் என்றோ தீயவன் என்றோ இச்சொற்களில் எதுவும் சொல்லவில்லை. நம்மோடு வந்து சேராதவன் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. திறை கொடுத்துவிட்டால் அவனே கூடியவன் ஆகிவிடுவான் என்ற அன்றைய அரசியல் இதற்குள் இருக்கிறது. சினத்தைச் சொல்லும் ‘செறுநர்’, போருக்கு எழுந்த ‘உடன்றோர்’ போன்றவையும் உண்டு. எண்ணிக்கையில் சேராதவர்களே மிகுதி. இந்தப் போக்கு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. எனிமி என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் ‘நண்பன் அல்லாதவன்’ என்ற பொருளில் தொடங்கியது. செக் மொழியில் பகைவனைக் குறிக்கும் சொல்லும் நண்பன் என்ற சொல்லின் முன் ‘அல்’ சேர்த்து ஆனதே. சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோன கமில் சுவெலபில் போன்ற ஒருவருக்கு ‘ஒன்னார்’ அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது.

பாறைமேல் கோட்டை எழும்பியது நாயக்கர் காலத்தில். 1605-ஐ ஒட்டி முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கியதைத் திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். மதில், அகழி, கொத்தளம் போன்ற சொற்கள் முன்பே இருந்தவை. நாயக்கர் ஆட்சி ஊன்றியது ‘பாளையம்’ என்ற சொல்லை. படை இறங்கித் தங்கும் இடம் என்பதுதான் அதன் பொருள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தபோது தங்குமிடம் ஆட்சிப்பகுதியாயிற்று. அதன் தலைவன் பாளையக்காரன் ஆனான். அழைத்தபோது ஆள்படையோடு வரவேண்டும், வழிகளையும் ஊர்களையும் காவல் காக்கவேண்டும், அதற்கு ஈடாக நிலவருவாயில் பங்கு. விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையகோட்டை, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர், எமக்கலாபுரம் என்று திண்டுக்கல்லைச் சுற்றிப் பாளையங்கள் நெருக்கமாக இருந்தன. ஆங்கிலேயர் பாளையக்காரனை ‘போலிகர்’ ஆக்கித் தம் ஆவணங்களில் எழுதினர். படைமுகாம் என்ற பழம்பொருள் மறைந்தேபோய், குஜிலியம்பாறைப் பக்கம் பாளையம் என்று ஒரு பேரூராட்சி இருப்பதை இன்று யாரும் வியப்பதில்லை.

‘தளவாய்’ என்பது படைத்தலைவனின் பதவி. தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கியது. ‘நாயக்’ கதை வேறு. நாயகன், தலைவன் என்ற பொருளில் அரச குலத்துக்கே பெயராக இருந்த சொல், கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சில சிப்பாய்களுக்கு மேலே நிற்கும் சிறு பதவியாகிவிட்டது. இந்திய ராணுவத்தில் இன்றும் நாயக் என்றால் ஹவில்தாருக்குக் கீழ்ப்பட்டவர்.

1656-இல் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை மதுரை நாட்டுக்குள் இறங்கியது. எதிர்ப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்துச் சீரங்கப்பட்டணத்துக்கு மூட்டையாக அனுப்பினார்கள் என்று அக்காலச் சேசு சபைக் கடிதங்கள் எழுதுகின்றன. நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணையாக ரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்து மைசூர்ப் படையைத் திண்டுக்கல் பக்கமாகத் துரத்தினார். பதிலுக்கு இவர்களும் மூக்கறுத்தார்கள். வரலாற்றில் இது ‘மூக்கறு போர்’ எனப் பெயர் பெற்றது. மூக்குடைபடுதல், மூக்கறுபடுதல் என்று அவமானத்தைச் சொல்லும் வழக்குகள் இந்தப் போரிலிருந்து வந்தவை என்று சொல்வோர் உண்டு. அதை நம்பவேண்டியதில்லை. சூர்ப்பணகை கதை தெரிந்த மொழிக்கு மூக்கறுப்பின் பொருளை மைசூர்ப் படை வந்து கற்பிக்கவேண்டிய தேவை இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் சொற்கள் வேறு திசையிலிருந்து வந்தன. 1730-களின் நடுவில் நாயக்க அரசு உட்பூசலில் சரிந்தபோது ஆற்காட்டு நவாப் தரப்பின் சந்தா சாகிப் திண்டுக்கல்லைப் பிடித்தார். நாயக்க அரியணைக்கு உரிமை கோரிய பங்காரு திருமலையின் பக்கம் நின்ற பாளையக்காரர்கள் அம்மையநாயக்கனூர்க் களத்தில் தோற்றார்கள். கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கிக் கொடைக்கானலுக்குப் பேருந்து தேடுகிறவர்கள் நிற்கும் நிலம் அதுதான். அடுத்த பத்தாண்டில் கோட்டை மைசூர் கைக்குப் போனது. 1755-இல் அங்கே பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. பௌஜ் என்றால் படை; பௌஜ்தார் படையையும் வட்டாரத்தையும் சேர்த்து ஆள்பவர். ஹைதர் இங்கே பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து ஆயுதச் சாலையும் பீரங்கிப் பட்டறையும் அமைத்தார். பிற்காலத்தில் சீரங்கப்பட்டணத்தில் அவர் எழுப்பிய வலிமைக்கு முதல் அடித்தளம் இந்தப் பாறையடியில்தான் போடப்பட்டது. கணவரை இழந்து சிவகங்கையிலிருந்து தப்பிய வேலு நாச்சியார் விருப்பாட்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றதும், ஹைதரைச் சந்தித்து உருதுவில் பேசி உதவி கேட்டார் என்று சொல்லப்படுவதும் இந்தப் பின்னணியில். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கும் பகுதி பேகம்பூர் ஆனது.

சிப்பாய், ஜமேதார், சுபேதார், ஹவில்தார், கில்லேதார், முகாம், டேரா, பாரா, கவாத்து, கைதி, தோட்டா என்று பாரசீகமும் அரபும் இந்துஸ்தானியும் கலந்த பாசறைப் பேச்சு இந்தக் காலத்தில் தென்னாட்டில் நிலைத்தது. ஆயுதச் சொற்களில் இரண்டு நெடுந்தூரம் நடந்து வந்தவை. பிராங்க் என்ற ஐரோப்பிய இனப் பெயரை அரபுகளும் பாரசீகரும் ‘பரங்கி’, ‘பிரங்கி’ என்று ஆக்கி, மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அப்படியே அழைத்தார்கள். தமிழுக்கு அது இரண்டு வழியில் வந்தது. ஆளைக் குறித்தபோது பரங்கி. அவன் கொண்டுவந்த பெருந்துப்பாக்கியைக் குறித்தபோது பீரங்கி. பரங்கிப்பேட்டையும் பரங்கிமலையும் பரங்கிக்காய்க் கூட்டும் கோட்டைமேல் ஏறிய பீரங்கியும் ஒரே குடும்பம். பகைவன் பெயரையே ஆயுதத்துக்கு வைத்து, அந்த ஆயுதத்தை அவன் பக்கமே திருப்பி வைத்தார்கள்.

மற்றது துப்பாக்கி. துருக்கி மொழியில் ஊதுகுழலைக் குறித்த சொல் வெடிக்கும் குழலுக்கு மாறி, தெலுங்கு வழியே தமிழுக்கு வந்தது. ஐரோப்பாவில் இதற்கு ஓர் இணை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் பொஹீமியாவின் ஹுஸ் மதக் கிளர்ச்சியாளர்கள் சிறு துப்பாக்கிக்குச் செக் மொழியில் குழல் என்று பெயர் வைத்தார்கள். பிஸ்டல் அதிலிருந்து பிறந்தது என்பது பெரும்பாலும் ஏற்கப்படும் கருத்து. அவர்கள் கூட்டத்தின்மேல் சுடும் பீரங்கிக்கு வைத்த பெயர்தான் ஜெர்மன் வழியாக ஆங்கிலத்தில் ஹவிட்சர் ஆனது. போபர்ஸ் விவகாரத்தின்போது தமிழ்ச் செய்தித்தாள்கள் அச்சிட்ட ஹவிட்சர், அவ்வாறு தமிழகத்துத் தேநீர்க் கடைவரை வந்து சேர்ந்த ஒரு செக் சொல்.

வெடிமருந்தில் உள்ள ‘மருந்து’ யோசிக்க வைப்பது. உயிர் காப்பதற்கான சொல்லை உயிர் எடுப்பதற்கு ஏன் வைத்தார்கள்? இந்துஸ்தானியில் தாரு என்றால் மருந்து, வெடிப்பொடி, மது மூன்றும். தெலுங்கு மந்துவுக்கும் கன்னட மத்துவுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. இடித்து, பொடித்து, அளந்து கலக்கும் எதுவும் அன்றைய கைவினைஞனுக்கு மருந்துதான். கோட்டையில் மருந்துக் கிடங்கு என்றால் வைத்தியருக்கு அங்கே வேலை இல்லை.

1767-க்கும் 1790-க்கும் இடையில் கோட்டை ஐந்து முறை கைமாறியது. 1767-இல் ஆங்கிலேயர் பிடித்தனர், அடுத்த ஆண்டு ஹைதர் மீட்டார். 1783-இல் மீண்டும் ஆங்கிலேயர், 1784 மங்களூர் ஒப்பந்தத்தால் மீண்டும் மைசூர். 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டுப் பிடித்தார். ‘கோட்டை விட்டான்’ என்ற பேச்சுவழக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1790-இல் ஆங்கிலேயரின் ஏறித்தாக்கும் முயற்சி முறியடிக்கப்பட்டது. ஆனாலும் மறுநாள் கோட்டைத் தலைவனான கில்லேதார் பேச்சு நடத்தி, தம் ஆட்களுக்குக் கௌரவமான விதிகளைப் பெற்று, கோட்டையை ஒப்படைத்தார். 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தம் அதை உறுதி செய்தது. இந்தக் கடைசி முற்றுகையில் தோற்றவன் ஆங்கிலேயர் கண்ணில் பகைவன். பகைவனோடு பேசலாம், விதிகள் எழுதலாம், கைதிகளைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பத்தே ஆண்டில் சொல் மாறியது. விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் பாளையக்காரர்கள் ஒரு கூட்டணி அமைத்தார்கள். மருது சகோதரர்களோடும் மலபாரின் கேரள வர்மாவோடும் மராத்தியத் தலைவன் தூந்தாஜி வாக்கோடும் தொடர்பு வைத்து, 1800-இல் கோயம்புத்தூரைத் தாக்கத் திட்டமிட்டார்கள். திட்டம் முறிந்தது. கும்பினி ஆவணங்கள் இவர்களை எனிமி என்பதைவிட ‘ரெபல்’ என்றே எழுதின, தமிழில் கலகக்காரன். இந்தச் சொல்மாற்றம் வெறும் நடை விருப்பமல்ல. பகைவன் என்றால் எதிரே இன்னோர் அரசு இருக்கிறது என்று பொருள்; கலகக்காரன் என்றால் அவன் ஏற்கெனவே நம் குடி, குற்றம் செய்தவன். கில்லேதாருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, கோபால நாயக்கருக்கு 1801-இல் திண்டுக்கல்லில் தூக்குக் கயிறு கிடைத்தது. இந்த நிகழ்ச்சிகளை ஆராய்ந்த கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலேயே ‘கிளர்ச்சி’யையும் ‘முதல் விடுதலைப் போர்’ என்பதையும் சேர்த்து வைத்தார். கலகம், கிளர்ச்சி, புரட்சி, போர் என்ற நான்கில் எதைத் தேர்கிறார் என்பதைக் கொண்டே ஒரு வரலாற்றாசிரியர் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, வேலும் வாளும் துப்பாக்கியும் ஒப்படைக்கப்பட்டன. அதன்பின் ஊருக்குத் தெரிந்த படை ‘பட்டாளம்’ ஒன்றுதான். ஐரோப்பிய பட்டாலியன் தமிழ் வாயில் அப்படித் திரண்டது. கிராமங்களில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் இன்றும் பட்டாளத்துக்காரர். அவர் வீடு பட்டாளத்துக்காரர் வீடு.

போர் இல்லாத நாட்டில் போர்ச் சொற்கள் வேறு வேலை தேடிக்கொண்டன. முகாம் இப்போது கண் சிகிச்சைக்கும் மனு வாங்குவதற்கும் ரத்த தானத்துக்கும் போடப்படுகிறது. டேரா போட்டால், வந்த விருந்தாளி கிளம்பவில்லை என்று பொருள். கவாத்து என்றால் ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் கிளை வெட்டுவது. அதே ஒலியில் ஆயுதப்படை மைதானத்துப் பயிற்சியும் உண்டு. குதிரைப்படைப் பதவியான ‘தபேதார்’ கலெக்டர் அலுவலகத்தில் டபேதார் ஆகி, வெள்ளைச் சீருடைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து, கதவைத் திறந்துவிடுகிறார். சண்டைக்காரர்கள் ‘ராசி’யாகும்போது ஒத்துக்கொண்டவன் என்று பொருள்படும் அரபுச் சொல்லைப் பேசுகிறார்கள், ‘லடாய்’ இந்துஸ்தானியில் போர், இங்கே குழாயடியில் நடப்பது. மதிலை வளைப்பதற்கு இலக்கணம் வகுத்த முற்றல், முற்றுகை என்ற சொற்குடும்பம் குடிநீர் கேட்டுக் காலிக்குடங்களோடு ஒன்றிய அலுவலகத்தைச் சூழும் பெண்களிடம் வந்திருக்கிறது. வாகை விளையாட்டுப் பக்கத்துக்கும் தேர்தல் செய்திக்கும் போனது.

பகைவனைக் குறித்த பழஞ்சொற்களில் ஒன்னாரும் தெவ்வரும் செறுநரும் பேச்சிலிருந்து மறைந்துவிட்டார்கள். பகை பங்காளிகளுக்குள் வாழ்கிறது. பகையாளி குடியை உறவாடிக் கெடு என்ற பழமொழியில் பகையாளி பக்கத்து வீட்டுக்காரன், வேற்று நாட்டான் அல்ல. விரோதம் செய்தித்தாளில் ‘முன்விரோதம்’ ஆகி, கொலைச் செய்திகளுக்குக் காரணம் சொல்கிறது. எதிரே நிற்பவன் என்ற எளிய பொருளுடைய ‘எதிரி’ காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரை ஒன்றாம் எதிரி, இரண்டாம் எதிரி என்றே எழுதுகிறார்கள். வழக்கு முடிந்து விடுதலையாகும் நாளிலும் தாளில் அவருக்கு அந்தப் பெயர்தான்.